கூடம் கோணல்தான்

மார்ச் 4, செவ்வாய்

ஃப்ரிட்ஜ் வந்து இறங்கிவிட்டது. பழையதுதான். உள்ளேயே சமைத்துத் தூங்கக்கூடிய வீட்டு வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து தம்பி கொண்டுவந்தான். என் இடுப்பு உயரம். கதவில் ஒரு நீளக் கீறல், உள்ளே எந்தக் குழந்தையோ ஒட்டிவிட்டுப் போன ஆமை ஸ்டிக்கர். கேஸில் ஓடும், வீட்டுக் கரண்டில் ஓடும், வண்டி பேட்டரியிலும் ஓடும். முன்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் போதும்.

"மூணு வீட்டுலயும் கை நனைக்கிற மாப்பிள்ளை," என்றார் என் வீட்டுக்காரர்.

நெருப்பை மூட்டி ஒரு பெட்டியைக் குளிர வைக்க முடியும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். என் அனுபவத்தில் நெருப்பு வந்தால் புகை வரும், புகை வந்தால் பிள்ளைகளை இறக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

ஆனால் இந்தப் பெட்டி குளிர்ந்தால்தான் எங்கள் வீட்டு வண்டியில் நாற்பது நாள் பயணம். அவருக்குச் சர்க்கரை. முப்பது வருடம் ரொட்டிக்கடையில் ராத்திரி வேலை பார்த்தவருக்கு வராமல் யாருக்கு வரும்? நாற்பது நாளைக்கு எட்டு இன்சுலின் பேனா வேண்டும். கையில் இருக்கும் ஒன்று வெளியில் இருக்கலாம், மீதி ஏழும் குளிரில் இருக்க வேண்டும். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. மகள் மருந்துக்கடை வைத்திருப்பவள், சட்டமே போட்டுவிட்டாள். "மூணு பகல் மூணு ராத்திரி ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுல நின்னு காட்டட்டும். அப்பதான் அப்பாவ அனுப்புவேன்." ஐஸ் பெட்டி வேண்டாமாம், ஒரு நாள்கூடத் தாங்காதாம். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். இந்த மருந்து எல்லாக் கடையிலும் இருக்காதாம். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள். யார் பெற்ற பிள்ளை!

மே மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். அதற்கு முன்னால் நாற்பது நாள் வேண்டுமென்றால் இந்த மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும்.

மார்ச் 5, புதன்

வண்டியின் விலாவில் இரண்டு ஓட்டை. கீழ் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகுமாம், மேல் ஓட்டை வழியாகச் சூடு வெளியே வருமாம். தம்பி அட்டையில் அளவெடுத்து, பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தை வைத்தபோது நான் வீட்டுக்குள் போய்விட்டேன். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடும்போதுகூட நான் பக்கத்தில் நின்றவள்தான்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளில் அவன் காதுக்குப் பேர் போனவன். கதவில் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். அவசரமென்றால், "போனை ஃப்ரிட்ஜ் பின்னாடி வைங்க," என்பான், வீட்டில் இருந்தபடியே வைத்தியம். கேஸ் ஃப்ரிட்ஜ் மாட்டுவது இதுதான் முதல் தடவை. கேட்டால், "ஃப்ரிட்ஜ்னா ஃப்ரிட்ஜ்தானே அக்கா."

அந்த ஓட்டைகளுக்குப் பின்னால் துணியை இரண்டாக மடித்து வைத்து வலையும் அடித்துவிட்டான். "நான் பாத்த ஃப்ரிட்ஜ்ல பாதி தூசியாலதான் செத்துச்சு. ரோட்டுல ஓடுற வண்டி வேற!" நல்ல முன்யோசனை என்று பாராட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

கேஸ் குழாய் மாட்டியாகிவிட்டது. ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவி உட்கார்ந்து பார்த்தோம். கசிந்தால் நுரை கொப்பளிக்குமாம். கொப்பளிக்கவில்லை. கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை மகள் கொடுத்தனுப்பியிருந்தாள், அதையும் தரையோரமாக மாட்டினான்.

எனக்குப் பாடம் நடந்தது. ஓடும்போது பேட்டரி, நின்றால் கேஸ், வீட்டு வாசலில் கரண்ட். பெட்ரோல் போடும் இடத்தில் கேஸ் எரியவே கூடாது. "நின்ன வண்டியில பேட்டரியில விட்டுடாத அக்கா. விடியறதுக்குள்ள உறிஞ்சிடும், அப்புறம் வண்டி கிளம்பாது." இதை மூன்று தடவை சொன்னான். வண்டியைப் பற்றி எனக்கே பாடம்!

என் வண்டி ஏன் கிளம்பாமல் போகிறது? நான்தான் சரிவில் நிறுத்துகிறவள் ஆயிற்றே. அந்தக் காலத்து பஸ்களில் பேட்டரி எப்போது காலை வாரும் என்று தெரியாது. மூக்கு கீழே பார்க்கச் சரிவில் நிறுத்திவிட்டால் போதும். பிரேக்கை விட்டு, உருளவிட்டு, கியரைப் போட்டால் உயிர் வந்துவிடும். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட யாரிடமும் 'கொஞ்சம் தள்ளுங்க' என்று கேட்டதில்லை. எங்கள் தெரு சரிவாக இருப்பதே எனக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன். இப்போதும் வீட்டு வண்டி அப்படித்தான் நிற்கிறது, ஓடத் தயாராக.

மார்ச் 7, வெள்ளி

பற்றவைத்தோம். பொத்தானை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு பொறி. கீழே சின்னக் கண்ணாடி வழியாகக் கொழுந்து தெரிந்தது. மூன்று பேரும் மண்டியிட்டுப் பார்த்தோம்.

பிறகு தம்பி காதை வைத்தான். இந்தக் கதவு, அந்தக் கதவு, பின்பக்கம், மேலே. நிமிர்ந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"சத்தமே இல்ல அக்கா."

"அதனால?"

"உயிரோட இருந்தா மூச்சு விடணும்ல!"

மார்ச் 8, சனி

இருபத்து மூன்று டிகிரி. என் அலமாரி இதைவிடக் குளிர்ச்சி.

மார்ச் 10, திங்கள்

தம்பி கரண்டுக்கு மாற்றிப் பார்த்தான், பேட்டரியில் ஓட்டிப் பார்த்தான். செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் என் ஜம்பர் கேபிளைக்கூட எடுத்துக்கொண்டு போய் வேறொரு பேட்டரியைக் கோத்துப் பார்த்தான். இருபத்தொன்று. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. நேற்று முழுக்க அவன் சாப்பிடவும் இல்லையாம். போனிலேயே வைத்தியம் பார்க்கிறவனால், நேரில் இருக்கிற நோயாளியிடம் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

அவர் அதற்குப் பேர் வைத்துவிட்டார்: மௌனசாமி.

கடைசியில் கடைக்காரருக்கே போன் போட்டேன். அதில் மோட்டாரே கிடையாதாம், சத்தம் வராதாம், வரவும் கூடாதாம். தம்பி காதில் விழட்டும் என்று போனை அவன் பக்கம் திருப்பினேன். ரொம்ப நாள் சும்மா கிடந்திருந்தால் கழற்றி ஒரு நாள் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள் என்றார் கடைக்காரர். உள்ளே இருக்கிற தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தால் விடுபடுமாம்.

"முப்பது வருஷத் தொழில்ல ஒருத்தனும் என்ன இப்படி அவமானப்படுத்துனதில்ல," என்று தம்பி எழுந்து போனான். அரை மணியில் திரும்பி வந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மௌனசாமி கூடத்தில் தலைகீழாக நிற்கிறார். ஆமையும் தலைகீழ். அவர் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க தலைகீழா நின்னாலும் இவ விடமாட்டா சாமி," என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, வியாழன்

திரும்ப மாட்டியாகிவிட்டது. பத்தொன்பது. தலைகீழாக நின்றதற்கு இரண்டு டிகிரி கூலி.

மார்ச் 14, வெள்ளி

இன்று அவர் ஒரு வேலை செய்தார். மண்டியிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னக் கொழுந்தையே ரொம்ப நேரம் பார்த்தார். ஆபரேஷன் செய்ய வேண்டிய கண்ணால்தான்.

"இது மஞ்சளா எரியுதே."

"எரியுதுல்ல? அது போதாதா?"

"மஞ்சளா எரிஞ்சா காத்து பத்தலன்னு அர்த்தம். என் அடுப்பு ரெண்டு தடவ இப்படி எரிஞ்சிருக்கு. ரெண்டு தடவயும் ரொட்டி வேகல."

பேச்சே வராத மனிதர், நெருப்பைப் பற்றி மட்டும் சபையில் பேசுவார். தம்பியை அழைத்தோம். அந்த இரட்டைத் துணியை உருவினான். கையை வைத்தால் கீழ் ஓட்டையில் காற்று உள்ளே இழுக்கிறது, மேல் ஓட்டையில் சூடாக வெளியே வருகிறது. கொழுந்து நீலமாயிற்று.

தம்பி துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "தூசி வரக்கூடாதுன்னுதான் அத்தான்..." பாவம். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அவன் செய்தது சரிதான். நெருப்பு மூச்சு விட வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

சாயந்திரம் பதினான்கு! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மூட்டு விடவில்லை.

மார்ச் 15, சனி

காலையிலும் பதினான்கு. மதியமும் பதினான்கு. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

மகள் கடையை மூடிவிட்டு வந்தாள். தெர்மாமீட்டரைப் பார்த்தாள். தம்பிதான் ஆரம்பித்தான். பெட்டியே சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், சரக்கு மட்டம் என்று.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று மகள் சிரித்தாள். "விடுங்க மாமா. அம்மா, போதும்மா. ரயில்ல நாலு நாள் போயிட்டு வாங்க, நான் ரூம் போட்டுத் தர்றேன். ரூம்ல ஃப்ரிட்ஜ் இருக்கும்."

அவரும் தலையாட்டினார். "ஆமா, வண்டிய வித்துடலாம். உனக்கும் அலைச்சல்."

நான் எழுந்து வண்டிக்கு வந்துவிட்டேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாலு நாளாம். எனக்கு நாலு நாளா வேணும்? கல்யாணம் ஆகி முப்பது வருஷமாச்சு. காலைல நான் பஸ் எடுக்கக் கிளம்பும்போதுதான் அந்த மனுஷன் மாவுக் கையோட உள்ள வருவாரு. வாசப்படியில சாவிய மாத்திக்குவோம். "சோறு இருக்கு." "பால் வாங்கணும்." அவ்ளோதான் பேச்சு. சாயந்திரம் நான் வந்தா அவர் கிளம்பிடுவாரு. எங்களுக்கு எப்படிப் பிள்ள பொறந்துச்சுன்னு ரொட்டிக்கடையில கேலி பண்ணுவாங்களாம். அவர் காலைல எப்படி எந்திரிப்பாருன்னுகூட எனக்குத் தெரியாது. போன மாசம்தான் பாத்தேன், எந்திரிச்சதும் கொஞ்ச நேரம் கைய விரிச்சு விரிச்சுப் பாக்குறாரு. ஏன்னு இன்னும் கேக்கல. கேக்கறதுக்கு ஒரு நாப்பது நாள் வேணும். அதுக்கு இந்தப் பாழாப்போன பெட்டி ஆறு டிகிரி எறங்க மாட்டேங்குது. நான் என்ன தங்கத்தையா கேட்டேன்?

அழுதேன். ஹாரனில் கை பட்டு, தெருவே எட்டிப் பார்த்தது.

மார்ச் 16, ஞாயிறு

இதை மெதுவாக எழுத வேண்டும்.

காலையில் அவர் வண்டிக்கே வந்தார். சமாதானம் பேசத் தெரியாது, அதனால் முட்டை பொரிக்க வந்தார். வண்டி அடுப்பில் தட்டைச் சட்டியை வைத்து, உடைத்து ஊற்றினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டிரைவரம்மா."

"என்ன?"

"ஏன் இந்த முட்ட உன் சீட்டப் பாத்தே ஓடுது?"

பார்த்தேன். முட்டை சட்டியின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. அவர் இன்னொன்றை உடைத்தார். அதுவும் முதலாவதோடு போய்ச் சேர்ந்துகொண்டது. சட்டி நெளிந்ததா என்று திருப்பி வைத்தார். அப்போதும் என் சீட்டுப் பக்கம்தான்.

ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். முன்பக்கம் வழிந்தது. பின்பக்கம் ஒரு விரல் குறைவு. கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"அடுப்புத் தட்டு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தா கேக் சரிஞ்சு வேகும். இந்தச் சாமி உள்ளயும் தண்ணி ஓடுதுன்னு சொன்னாங்கல்ல? அது எந்தப் பக்கம் ஓடும்?"

ஞாயிறு என்றும் பார்க்காமல் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "என்னம்மா, சமமா நிறுத்தலையா? மோட்டார் இல்லாத சாமானும்மா. தண்ணி தன்னால ஓடித் திரும்பணும். சரிவுல நின்னா ஒரு மூலையில தேங்கிடும், அப்புறம் எங்க குளிரும்? நீங்க டிரைவர்ங்கறதால சொல்லவே வேணாம்னு நினைச்சேன்."

டிரைவர் என்பதால்தானே சரிவில் நிறுத்தினேன்!

ஆக, கூடம் கோணல்தான். கோணலாக்கியது வேறு யாரும் இல்லை. தம்பி காதை நம்பினான், நான் சரிவை நம்பினேன். பத்து நாளாக அவனைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேனே, எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மௌனசாமி. பிறகு ஒரு சிரிப்பு சிரித்தான் பாருங்கள், போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 17, திங்கள்

முன்சக்கரங்களுக்குக் கீழே பலகை வைத்து மூக்கைத் தூக்க வேண்டும். எங்கள் வீட்டில் கனமான பலகை இரண்டுதான். அவர் மாவு பிசைந்த பலகைகள், கடையை விட்டு வரும்போது கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவை. ஒரு பக்கம் குழிந்திருக்கிறது, அவர் உள்ளங்கை அங்கே சரியாகப் பொருந்தும்.

"இது மேல எப்படிங்க சக்கரத்த ஏத்துறது?"

"என் மேலயா ஏத்துற? ஏத்து."

ஏற்றினேன். அவர் உள்ளே டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும்!" என்று கத்தினார். நாற்பது குழந்தைகளோடு பின்பக்கமாகச் சந்தில் திருப்பியபோதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை. தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்றது.

மார்ச் 18, செவ்வாய்

ஆறு. ஆறு. ஆறு!

மார்ச் 19, புதன்

மைனஸ் ஒன்று. ஆசையில் குளிரைக் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டேன். மருந்துக்குப் பதில் வைத்திருந்த தண்ணீர்க் குப்பிகள் கல்லாகிவிட்டன. மருந்து உறைந்தாலும் குப்பைதான் என்றாள் மகள். இல்லையென்றால் ஒரேயடியாக இல்லை, உண்டென்றால் ஊர்ப்பட்டது. என்னைப் போலவே இருக்கிறது இந்தப் பெட்டி. பாதிக்குக் குறைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

பரீட்சை ஆரம்பம். மகள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துவிட்டுப் போனாள். எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று இரண்டையும் ஞாபகம் வைத்திருக்குமாம். சரியான மாமியார்.

மார்ச் 21, வெள்ளி

தோற்றோம். ஒன்பது. தம்பி வந்து பெருமையில் நாலு தடவை கதவைத் திறந்து பார்த்திருக்கிறான். திரும்ப முதலிலிருந்து. பரீட்சை முடியும் வரை தம்பி வண்டிக்குள் ஏறக் கூடாது என்று அவர் ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

மகள் வந்தாள். பொத்தானை அமுக்கினாள். அதிகம் ஏழு, குறைவு மூன்று. இன்னொரு தடவை அமுக்கினாள். மாறவில்லை.

காலண்டரில் 28-ஐ வட்டமிட்டுவிட்டு, "தினமும் காலைல எனக்கு நம்பர் அனுப்பணும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது போல இருந்தது. தூசி என்றாள். தூசி நல்லதில்லை என்று தம்பி வெளியிலிருந்து சொன்னான்.

மார்ச் 28, வெள்ளி

கிளம்பினோம். ஏழு நாற்பதுக்கு, என் பழைய பஸ் நேரத்துக்கே. பூட்டிவிட்டு வாசப்படியில் நின்றபோது அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார் சாவிக்கு. நானும் நீட்டினேன். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சாவி இன்று ஒரே பையில்.

மார்ச் 29, சனி

மகளுக்கு அனுப்பிய நம்பர்: 5. நேற்று நின்றது ஒரு பழத்தோட்டத்தின் ஓரம். டம்ளர், பலகை, கேஸ், டிக். நாலே நிமிடம். நிறுத்தியதும் இஞ்சினை அணைக்கும் முன்பு பின்னால் திரும்பி, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பழக்கம். "ஒருத்தன் இருக்கேன்," என்றார்.

கையை ஏன் விரித்து விரித்துப் பார்க்கிறார் என்று இன்று கேட்டேன். மாவு காய்ந்து விரல் இறுகிக்கொள்ளுமாம், விரித்து உடைக்க வேண்டுமாம். இப்போது மாவு இல்லை, ஆனாலும் காலையில் கை தானாகத் தேடுகிறது என்றார். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

கடல். மெயின் ரோட்டில் ஐந்து மணி நேரத்தில் வரக்கூடிய இடம்தான். நாங்கள் சந்து பொந்தெல்லாம் நுழைந்து மூன்று நாளில் வந்தோம். சாயந்திரம் வந்து சேர்ந்தபோது, பலகைகூடத் தேவைப்படாத ஒரு இடம் கிடைத்தது. முன்னும் பின்னும் டம்ளர் அசையவில்லை. இவ்வளவு சமமான தரையில் நான் வாழ்க்கையில் வண்டியை நிறுத்தியதில்லை. பெருமையாக இருந்தது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற்கனவே மணலில் இறங்கிவிட்டார். நானும் கதவைச் சாத்திவிட்டு ஓடினேன்.

மார்ச் 31, திங்கள்

டம்ளரைப் பார்த்தேன். திருகைப் பார்க்கவில்லை!

விடிந்து பார்த்தால் உள்விளக்கு மினுக்குகிறது. திருகு பேட்டரியிலேயே இருக்கிறது. மௌனசாமி ராத்திரி முழுக்கச் சத்தமே இல்லாமல் உறிஞ்சிக் குடித்திருக்கிறார். சாவியைத் திருப்பினேன். 'க்ளிக்.' வண்டி அசையவில்லை.

தெர்மாமீட்டரில் ஏழு. நான் சாவியையே திருப்பிக்கொண்டிருந்தேன். அவர்தான் திருகைக் கேஸுக்குத் திருப்பிப் பொத்தானை அமுக்கினார். டிக். நீலக் கொழுந்து. அதற்குப் பேட்டரியே தேவையில்லை! வண்டி செத்துவிட்டது, ஃப்ரிட்ஜ் உயிரோடு இருக்கிறது.

ஜம்பர் கேபிள்? தம்பி வீட்டில். திருப்பித் தரவே இல்லை.

சரிவில் நின்றிருந்தால் இந்நேரம் உருட்டிவிட்டிருப்பேன். கடலோரத்தில் நடக்க வந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன். இருபத்தாறு வருட விரதம்.

"கொஞ்சம் தள்ளுறீங்களா?"

தள்ளினார்கள். பத்தடி போய்ப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. டம்ளர் கவிழ்ந்தது. "ஐயையோ, சமமா இல்ல, திரும்பப் பின்னாடி தள்ளுங்க!" என்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை! பின்னால் தள்ளிக் கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள். அவர் எல்லோருக்கும் முட்டை பொரித்துக் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு மகளின் போன். "நம்பர் இன்னும் வரலையே?"

"வண்டி கிளம்பாதும்மா. பேட்டரி காலி."

"ஐயோ! மருந்து?"

"ஆறு."

"அங்கேயே இருங்க," என்றாள். வேறு எங்கே போகப் போகிறோம்?

ஏப்ரல் 1, செவ்வாய்

மதியம் தம்பியின் சர்வீஸ் வண்டி வந்து நின்றது. கையில் என் கேபிளை மாலை மாதிரித் தூக்கிப் பிடித்தபடி இறங்கினான். மறு பக்கம் மகள். மருந்துக்கடைக் கதவில் 'இரண்டு நாள் விடுமுறை' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தாளாம். அந்தக் கடை திறந்து எட்டு வருடத்தில் இதுதான் முதல் விடுமுறை.

கேபிளைக் கோத்ததும் வண்டி உறுமியது. தம்பி அதைக்கூடக் கவனிக்கவில்லை. நேராக உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவில் காதை வைத்தான்.

"சத்தமே இல்ல அக்கா," என்றான், வாயெல்லாம் பல்லாக.

அவர் முட்டை உடைத்து ஊற்றினார். சட்டியின் நடுவில் வட்டமாக நின்றது. மகள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவள் ஒரு ஐஸ் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். எங்கள் பேனாக்கள் கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்று புதிதாக ஏழு. ஐந்து மணி நேர வெயிலில் ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. அட்டைப்பெட்டியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். மௌனசாமியைத் திறந்து, ஆமைக்குப் பக்கத்தில், அப்பாவின் பேனாக்களோடு அடுக்கி வைத்தாள்.

கதவைச் சாத்திவிட்டு மணலில் இறங்கிப் போனாள். தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை.